வீக்கத்தை மறைக்காதீர்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது நிதானமாகப் படியுங்கள். எழுதலாமா வேண்டாமா என்று பல நாள் யோசித்தேன். சம்பந்தப்பட்ட பெண்ணே, "எழுதுங்க, பேரு மட்டும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள். அவள் என்னிடம் படித்தவளா, நமக்கு உறவா என்று சொல்லப்போவதில்லை. தயவுசெய்து யாரும் கண்டுபிடிக்க முயல வேண்டாம். குறிப்பாக உறவுக்காரர்கள்!

இரண்டு குழந்தைகளுக்குத் தாய். சென்னையில் வேலை. வயிற்றிலும் தொடையிலும் லைப்போசக்ஷன் செய்துகொண்டாள். தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பை மெல்லிய குழாய் விட்டு உறிஞ்சி எடுக்கும் சிகிச்சை. கணவருக்கு மட்டும் தெரியும். மாமியாரிடமும் ஆபீசிலும் குடலிறக்க ஆபரேஷன் என்று சொல்லியிருக்கிறாள். அம்மா வீட்டுக்குப் போனால் கேள்வி வரும் என்று, ஐந்தாம் நாள் ரயிலேறி குத்தாலத்துக்கு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். நான் தனியாக இருப்பவள், கேள்வி கேட்க மாட்டேன் என்று நம்பிக்கை.

வந்தவள் உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் தவித்தாள். வயிறு பானை மாதிரி வீங்கியிருந்தது. "உள்ளே யாரோ கயிறு போட்டு இழுக்கிற மாதிரி இருக்கு" என்றாள். எடையும் ஏறியிருந்தது. காசையும் கொடுத்து வலியையும் வாங்கி, முன்பைவிட குண்டாகிவிட்டோமே என்று அழுகை. மருத்துவமனையில் கொடுத்த தாளைக் காட்டினாள். நான்கு பக்கம், முழுக்க ஆங்கிலம், பொடி எழுத்து. யாரும் உட்கார வைத்து விளக்கவில்லையாம்.

முப்பத்து நான்கு வருடம் சயின்ஸ் எடுத்தவள் நான். எட்டாம் வகுப்பில் நிணநீர் மண்டலத்தை உங்களுக்கு எப்படிச் சொல்லிக் கொடுத்தேன் என்று ஞாபகம் இருக்கிறதா? வாய்க்கால் வயலுக்குத் தண்ணீர் கொண்டுவரும், வடிகால் மிச்சத்தைக் கொண்டுபோகும். ரத்தக் குழாய்தான் வாய்க்கால். நிணநீர்க் குழாய்தான் வடிகால். வடிகால் தூர்ந்தால் நம் ஊரில் பயிர் அழுகும். உடம்பில் வடிகால் கெட்டால் வீக்கம் வரும்.

லைப்போசக்ஷனில் கொழுப்போடு சேர்ந்து அந்தச் சின்னச் சின்ன வடிகால்களும் அறுபடுகின்றன. சிகிச்சையின்போது உள்ளே ஏற்றும் திரவமும் கொஞ்சம் தங்கும். அதனால்தான் வீக்கம், அதனால்தான் எடை ஏறுவது. முதல் ஒன்றிரண்டு வாரம் அதிகமாக இருக்கும். பெரும்பகுதி நான்கிலிருந்து ஆறு வாரத்தில் வடியும். மிச்சம் வடிந்து உண்மையான உருவம் தெரிய மூன்று முதல் ஆறு மாதம்கூட ஆகும். காலையில் குறைவாகவும் சாயங்காலம் அதிகமாகவும் இருக்கும். வயிற்றில் செய்தால் தண்ணீர் கீழே இறங்கி தொடைப் பக்கம் வீங்கலாம். இரண்டாவது மூன்றாவது வாரத்தில் தோலுக்கடியில் கட்டி கட்டியாக, இறுக்கமாக இருப்பது உள்காயம் ஆறும் தழும்பு. அது மெல்ல இளகும். தோல் மரத்துப்போவதும் சில வாரம், சிலருக்குச் சில மாதம் இருக்கும்.

இவ்வளவையும் பத்து நிமிடம் தமிழில் யாராவது சொல்லியிருந்தால் அந்தப் பெண் அவ்வளவு அழுதிருக்க மாட்டாள்.

இறுக்கத்துக்குப் போடும் பெல்ட் உடை பற்றியும் ஒரு வார்த்தை. நம் வீடுகளில் பிள்ளை பெற்றவள் வயிற்றில் பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டுவார்களே, அதுபோலத்தான் இதுவும், அளவெடுத்துத் தைத்தது. திரவம் சேராமல் இருக்கவும் தோல் ஒட்டவும் உதவுகிறது. சில வாரங்கள் போடச் சொல்வார்கள், எத்தனை வாரம் என்பது உங்கள் டாக்டர் சொல்வதுதான் கணக்கு. மடிப்பு விழாமல் போட வேண்டும். இறுக்கினால் சீக்கிரம் வடியும் என்று நினைத்து ஒரு சைஸ் சின்னதாக வாங்கக் கூடாது. கால் விரல் மரத்தாலோ நிறம் மாறினாலோ கழற்றிவிட்டு டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

அப்புறம் நம் கைவைத்தியம். நானே முதலில் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாம் என்றுதான் அடுப்பைப் பற்ற வைத்தேன். நல்லவேளை, மரத்துப்போன தோலுக்குச் சூடு தெரியாது, கொப்பளித்துவிடும் என்பது சட்டென்று மூளைக்கு எட்டியது. நல்லெண்ணெய் விட்டு அழுத்தித் தேய்ப்பதும் கூடாது. நிணநீரை வடியவைக்கும் மசாஜ் என்று ஒன்று உண்டு. டென்மார்க்கைச் சேர்ந்த எமில் வோடர் என்பவர் 1930களில் உருவாக்கியது. தோலை லேசாக நகர்த்துவதுதான் அது, அழுத்துவது அல்ல. வேண்டுமா என்று டாக்டரைக் கேட்டு, பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட்டிடம்தான் செய்துகொள்ள வேண்டும். வீட்டில் நம்மால் முடிந்தது: அப்பளம், ஊறுகாய், வடகத்தைக் குறைப்பது, தண்ணீர் குடிக்க வைப்பது, மணிக்கு ஒருமுறை எழுப்பி நாலு நடை நடக்க வைப்பது. மெடிக்கலில் கேட்டு வலி மாத்திரை வாங்கிப் போடாமல் இருப்பது.

இப்போது, இந்தப் பதிவை எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

ஒன்பதாம் நாள் காலை. அவள் கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். இடது கால் கொலுசு மட்டும் சதையில் பதிந்திருந்தது. வலது கால் கொலுசு தளர்வாகக் கிடந்தது. "எப்போதிலிருந்து?" என்றேன். "நேத்து ராத்திரியிலேர்ந்து கெண்டைக்கால் இறுக்கிப் பிடிக்குது. வீக்கம் எல்லாருக்கும் வரும்னு நீங்கதானே சொன்னீங்க" என்றாள். தொட்டுப் பார்த்தேன், அந்தக் கால் சூடாக இருந்தது.

ஆபரேஷன் வீக்கம் பொதுவாக இரண்டு பக்கமும் வரும். ஒரு கால் மட்டும் வீங்கி, வலித்து, சூடாக இருந்தால் உள்ளே இருக்கும் சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். அந்தக் கட்டி கழன்று நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. ஆபரேஷன் ஆனவர்களுக்கு, அதுவும் பல மணி நேரம் காலைத் தொங்கவிட்டுப் பயணம் செய்தவர்களுக்கு, இந்த ஆபத்து கூடுதல். அந்தக் காலைத் தேய்த்துவிடக் கூடாது.

கார் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். சின்ன வயது டூட்டி டாக்டர், "சமீபத்துல ஏதாவது ஆபரேஷன் ஆச்சாம்மா?" என்று கேட்டார். இவள் "இல்லை" என்றாள்!

வரிசையில் தெரிந்த முகம் யாரோ நின்றார்களாம். உயிர் போகிற நேரத்திலும் அந்த வெட்கம். "சொல்லு" என்று வகுப்பில் அதட்டுவது போல அதட்டினேன். சொன்னாள். டாக்டரின் முகம் மாறியது. உடனே டாப்ளர் ஸ்கேன். கெண்டைக்கால் சிரையில் கட்டி இருந்தது. ரத்தம் உறையாமல் இருக்க ஊசி போட்டு, மூன்று மாதத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள்.

நம் ஊர்ச் சாமிக்குப் பெயர் சொன்னவாறறிவார். டாக்டர்களுக்கும் அந்தப் பெயர் பொருந்தும். சொன்னால்தான் அறிவார்கள்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. என் பெரியம்மா ஞாபகம்தான். கும்பகோணம் பக்கம் வாக்கப்பட்டவர். யானைக்கால். அந்தக் காலத்தில் கும்பகோணம் என்றாலே யானைக்கால் என்று கேலி பேசுவார்கள். சாக்கடையில் வளரும் க்யூலெக்ஸ் கொசு பரப்பும் புழு நிணநீர்க் குழாயில் குடியேறி வடிகாலைக் கெடுப்பதுதான் அந்த நோய். புழுவின் குஞ்சுகள் ராத்திரியில்தான் ரத்தத்தில் நடமாடும் என்பதால் சுகாதாரத் துறையினர் இரவில் வந்து விரலில் குத்தி ரத்தம் எடுப்பார்கள். பக்கத்தில் காரைக்காலில் 1980களில் உப்பிலேயே மருந்து கலந்து கொடுத்து நோயைப் பெருமளவு குறைத்தார்கள். பெரியம்மாவுக்கு அதெல்லாம் கிடைக்கவில்லை.

புடவையைத் தரையில் புரள விட்டுக் கட்டுவார். கல்யாண வீட்டில் பந்தல் பக்கம் வரவே மாட்டார். அடிக்கடி குளிர் காய்ச்சல் வரும், கவட்டியில் நெறி கட்டும், கால் இன்னும் தடிக்கும். தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, விரல் இடுக்கில் ஈரம் இல்லாமல் துடைத்து, காலை உயர்த்தி வைத்துக்கொண்டாலே அந்தக் காய்ச்சல் பெருமளவு குறையும் என்று பிற்பாடு படித்தேன். ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும்தான். ஆனால் காலைக் காட்டினால்தானே யாராவது சொல்வார்கள்? குடும்பமே சேர்ந்து அந்தக் காலை மறைத்தோம். நானும்தான்.

பெரியம்மாவுக்கு வந்தது நோய், இவள் செய்துகொண்டது ஆசைக்கு, இரண்டும் ஒன்றா என்று கேட்பீர்கள். காரணம் வேறுதான். ஆனால் இரண்டு பேரையும் ஆபத்தில் தள்ளியது ஊர் வாய்க்குப் பயந்த மௌனம்.

என் கருத்தை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். லைப்போசக்ஷனுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அது எடை குறைக்கும் வழி அல்ல. கிலோ கணக்கில் கொழுப்பை உறிஞ்சி எடுத்தும் சர்க்கரை நோய்க்கான உடல் மாற்றங்கள் குறையவில்லை என்று 2004ல் அமெரிக்காவில் ஆய்வு செய்தே காட்டினார்கள். என்னிடம் முன்பே கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். அதே சமயம், அந்தக் குழாயை வெறும் அழகுச் சாமான் என்று ஒதுக்கவும் முடியாது. ஸ்வீடனில் மால்மோ நகரத்தில் ஹாகன் புரோர்சன் என்ற மருத்துவர், மார்பகப் புற்றுநோய் சிகிச்சைக்குப் பின் கை வீங்கிப்போன பெண்களுக்கு 1987லிருந்து இதே முறையில் வீக்கத்தைக் குறைத்திருக்கிறார். அவர்களும் பிறகு ஆயுள் முழுக்க இறுக்க உறை போட்டுக்கொள்ள வேண்டும்.

முட்டி ஆபரேஷன் செய்தவரை ஆர்லிக்ஸ் பாட்டிலோடு போய்ப் பார்க்கிறோம். இவளைப் போன்றவர்களை, "யாரு செய்யச் சொன்னா, அனுபவிக்கட்டும்" என்கிறோம். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பயந்துதான் பெண்கள் பொய் சொல்கிறார்கள். செய்தது சரியா தப்பா என்ற விசாரணையை ஆறு மாதம் கழித்து வைத்துக்கொள்ளுங்கள். முதலில் காயம் ஆறட்டும்.

எனவே மூன்று பேருக்கு மூன்று வேண்டுகோள்.

செய்துகொள்பவர்களுக்கு: ஊருக்குச் சொல்ல வேண்டாம். கூட இருக்கும் ஒருவருக்காவது முழு உண்மையும் தெரியட்டும். டாக்டரிடம் ஒருபோதும் மறைக்காதீர்கள். ஒரு கால் மட்டும் வீக்கம், மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, காய்ச்சல், காயத்தைச் சுற்றிப் பரவும் சிவப்பு, நாற்றமடிக்கும் நீர், தண்ணீர்ப் பை போலத் தளும்பும் வீக்கம், இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். மூச்சு வாங்கினால் உடனே 108.

உறவுகளுக்கு: "குண்டாயிட்டியே" என்று விசேஷ வீட்டில் விசாரிப்பதை நிறுத்துங்கள். பாதி ஆபரேஷன் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

டாக்டராகவும் நர்ஸாகவும் இருக்கும் என் பிள்ளைகளுக்கு: வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கும் தாளைத் தமிழில் கொடுங்கள், பெரிய எழுத்தில். கூட வந்தவரையும் உட்காரவைத்து வாசித்துக் காட்டுங்கள். எழுதித்தர ஆள் இல்லை என்றால் எனக்கு அனுப்புங்கள். ரிட்டயர்டு ஆளுக்கு வேறு என்ன வேலை?

அவள் இப்போது நன்றாக இருக்கிறாள். மாத்திரை ஓடுகிறது, சாயங்காலம் காவிரிக் கரையில் நடக்கிறாள். போன வாரம் மாமியாருக்குத் தானே போன் போட்டு உண்மையைச் சொன்னாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு கேட்டது: "ஏம்மா, எங்கிட்ட சொல்லியிருந்தா நான் வந்து பாத்துக்க மாட்டேனா?"

அவசியப்படுபவர்களுக்கு இதை அனுப்பி வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் சயின்ஸ் டீச்சர்,
குத்தாலம்.