உறுப்பின் பெயர் எவர் கையில்?

வலைப்பக்கங்கள் இருவகையின. எழுதி வைத்தவாறே எவர்க்கும் எப்பொழுதும் ஒன்றாய்த் தோன்றுவது நிலைப்பக்கம். கேட்பவர்க்கும் கேட்கும் பொழுதிற்கும் ஏற்ப அவ்வப்போது ஆக்கித் தரப்பெறுவது இயங்குபக்கம். நூலகமொன்றின் வலைத்தளத்தில் ஒருவர் நூற்பெயரை இட்டுத் தேடுங்கால், அந்நூல் அடுக்கில் உளதா, இரவலாய்ச் சென்றுளதா எனக் காட்டும் பக்கம் முன்னரே எழுதப்பெற்று எங்கும் காத்திருப்பதில்லை. வழங்கி எனப்பெறும் கணினி, கேள்வி வந்த பின்னரே தரவுத்தளத்தைத் துழாவி, அப்பக்கத்தைத் தொடுத்து அனுப்புகின்றது. படிப்பவரின் உலாவிக்கு வந்து சேர்வது சமைத்து முடித்த உணவே. அடுக்களையில் நடந்ததை அஃது அறியாது.

அவ்வடுக்களையில் நடந்ததே ஈண்டுக் கருதத்தக்கது. சன் மைக்ரோசிசுடம்சு நிறுவனம் 1999-இல் வெளியிட்ட சாவா வழங்கிப் பக்கங்கள் என்னும் முறை, பக்கத்தின் நடுவிலேயே நிரல் வரிகளை எழுத இடந்தந்தது. எளிமை கருதிச் செய்த அவ்வேற்பாடே தொல்லைக்கு வித்தாயிற்று. தலைப்பின் நிறத்தைக் குறிக்கும் வரிக்கு அடுத்த வரியில் தரவுத்தளத்தின் கடவுச்சொல். அதற்கடுத்து அட்டவணையின் கோடு. அதன்கீழ், நூலைக் காலந்தாழ்த்தித் தந்தவர்க்குரிய கட்டணக் கணக்கு. அழகமைப்பவர் தொட்டால் கணக்குக் கெட்டது; நிரலர் தொட்டால் அழகு கெட்டது. அதே கணக்கு 40 பக்கங்களில் படியெடுத்து ஒட்டப்பெற்றிருக்குமாயின், கட்டணம் மாறுங்கால் 39 பக்கங்களைத் திருத்தி ஒன்றை மறந்துவிடுதல் மாந்த இயல்பன்றோ?

இந்நோய் அன்று புதிதாய் வந்ததன்று. 1968-இல் செருமனியின் கார்மிசு நகரில் கூடிய மென்பொருட் பொறியியல் மாநாட்டிலேயே, தகிளசு மக்கில்ராய் என்பார், பிற தொழில்களில் ஆலைகள் உறுப்புகளைச் செய்து குவிப்பதுபோல் நிரலுறுப்புகளும் ஒருமுறை செய்யப்பெற்றுப் பலவிடத்தும் பொருத்தத்தக்கனவாதல் வேண்டும் என்று வலியுறுத்தினார். நோயும் மருந்தும் முன்பே அறிந்தவை. உண்பதற்குத்தான் முப்பதாண்டு ஆயிற்று போலும்!

சாவாப் பக்கங்களில் அம்மருந்து குறி வடிவில் வந்தது. கட்டணக் கணக்கைத் தனியே நிரலாக்கி, அதற்கொரு குறிப்பெயர் இட்டு, பக்கத்தில் அப்பெயரை மட்டும் எழுதினால் போதும். வழங்கி அக்குறியைக் கண்டவிடத்துக் கணக்கை ஓட்டி விடையை நிரப்பும். எல்லார்க்கும் தேவைப்படும் குறிகளைத் திரட்டிய பொதுக் குறித்தொகுதி 2002-இல் வெளிவந்தது. 2003-இல் வந்த இரண்டாம் பதிப்போ, சாவா மொழி அறியாத பக்க ஆசிரியரும் தாமே குறி செய்துகொள்ளும் வழியைத் திறந்தது.

ஒரு குறியை மட்டும் எடுத்துக்காட்டல் போதும். படிப்பவர் தம் பெயரென்று இட்டதை அப்படியே பக்கத்தில் திரும்பக் காட்டினால், தீயவன் ஒருவன் பெயருக்கு மாற்றாக நிரல்வரியை இட, அது பிறருடைய உலாவியில் ஓடிக் கேடு விளைக்கும். பொதுத் தொகுதியின் வெளியீட்டுக் குறி, கோணக்குறிகளைத் தீங்கற்ற எழுத்துகளாய் மாற்றியே வெளியிடுகின்றது. இக்காவலை ஒவ்வொரு பக்கத்திலும் நினைந்து நினைந்து எழுதவேண்டுவதில்லை. எனினும் ஓருறுப்பு காப்பதைப் போன்றே ஓருறுப்பு கெடுக்கவும் வல்லது. 2021 திசம்பரில், நிகழ்வுகளைப் பதிந்து வைக்கும் இலாக்ஃபோர்சே என்னும் உறுப்பில் கண்ட ஓட்டை, அதனைப் பொருத்தியிருந்த உலகத்து வழங்கிகளையெல்லாம் ஒருங்கே நடுங்க வைத்தது. அதனை விலையின்றிப் பேணிவந்தோர் தன்னார்வலர் சிலரே; அவர்தம் உழைப்பின்மேல் பெருநிறுவனங்கள் தம் வணிகத்தை எழுப்பியிருந்தன.

இனிப் பெயரைப் பற்றியது. உறுப்பு எத்துணைத் திறமாய்ச் செய்யப்பட்டிருப்பினும், பக்கம் அதனை அழைப்பது பெயரால்தான். பெயர் பிறழ்ந்தால் உறுப்பு இருந்தும் இல்லாததே. பொதுக் குறித்தொகுதியை அழைக்கும் பெயர், சன் நிறுவனத்தின் வலைமுகவரி வடிவில் அமைந்தது. வழங்கி அம்முகவரிக்குச் சென்று எதனையும் கொணர்வதில்லை. அது வெறும் பெயரே. 2010-இல் அந்நிறுவனத்தை ஆரக்கிள் விழுங்கிய பின்னரும், மறைந்த அவ்வீட்டின் முகவரி எண்ணிறந்த பக்கங்களின் தலையில் எழுதப்பெற்றே நின்றது.

அது நகைப்பிற்குரியது; அடுத்தது நகைப்பிற்குரியதன்று. 2017-இல் ஆரக்கிள், வழங்கிப்பக்கச் சாவாத் தொகுதியை எக்லிப்சு அறக்கட்டளையிடம் ஒப்படைக்க முன்வந்தது. நிரல்களைத் தந்தது, சாவா என்னும் பெயரின் வணிக உரிமையைத் தரவில்லை. ஆகலான் 2018-இல் தொகுதிக்குச் சகார்த்தா என்னும் புதுப்பெயர் சூட்டப்பெற்றது. சிக்கல் அத்துடன் ஒழிந்ததா எனின், இல்லை. உறுப்புகளின் உட்பெயர்கள் யாவும் சாவாஎக்சு என்றே தொடங்கின. அவற்றை உள்ளவாறே வழங்கலாம், ஆனால் அப்பெயரில் எதனையும் மாற்றவோ வளர்க்கவோ கூடாது என்னும் நிலை 2019 மேத் திங்களில் உறுதியாயிற்று. வளரக்கூடாத பெயரை வைத்துக்கொண்டு என் செய்வது? 2020-இல் வந்த ஒன்பதாம் பதிப்பில் அப்பெயர்கள் அனைத்தும் சகார்த்தா எனத் தொடங்குமாறு மாற்றப்பெற்றன. உறுப்புகளின் செயலில் ஒரு மாற்றமும் இல்லை. பெயர் மட்டுமே மாறிற்று. எனினும் இருபதாண்டுகளாய்ச் செய்து குவித்த குறிகள் புதிய வழங்கிகளில் ஓடாமல் நின்றன.

ஆரக்கிள் செய்தது சட்டப்படி குற்றமன்று. பெயர் அதன் உடைமை. ஆனால் அப்பெயருக்கு மதிப்பை ஈட்டித் தந்தோர், அதனை நம்பித் தம் பக்கங்களைக் கட்டிய பல்லாயிரம் நிரலர் அல்லரோ? பெயர்மாற்றத்தின் செலவு அவர் தலையிலேயே விழுந்தது. பொதுவென்று எண்ணி எடுத்தாண்ட பெயர் எவர் உடைமை என்பதை, கட்டத் தொடங்கிய நாளில் கேட்டவர் மிகச் சிலரே.

அப்பாச்சி அறக்கட்டளையின் தாம்கேட்டு வழங்கி, பத்தாம் பதிப்பு முதல் இதற்கென ஒரு தனி அடைவினை வைத்துள்ளது. பழம்பெயரில் எழுதிய தொகுதியை அதில் இட்டால், வழங்கியே உள்ளிருக்கும் பெயர்களைப் புதியனவாய் மாற்றி, உரிய அடைவில் படியெடுத்து வைத்து, அதன்பின் ஓட்டுகின்றது.