தலை வேண்டும், வாய் வேண்டாம்

"சத்தம் சும்மா அதிருது. ஆனா என்ன சொல்றானுங்கன்னுதான் புரியல." ஏலியன் வெப்பனரி பாட்டைப் போட்டுக் காட்டினால் இப்படிச் சொல்பவர்கள் உண்டு. கொஞ்சம் படித்தவர் வேறு மாதிரி கேட்பார்: "மெட்டல் வெள்ளைக்காரன் இசையாச்சே, மாவோரிப் பசங்களுக்கு அது எதுக்கு? அவங்க பாரம்பரியத்தை அவங்க காப்பாத்திக்கலாமே?"

முதல் ஆளுக்குச் சத்தம் போதும், அர்த்தம் வேண்டாம். இரண்டாவது ஆளுக்குப் பாரம்பரியம் போதும், இன்றைக்கு உயிரோடிருக்கிற மனுசன் வேண்டாம். இரண்டும் ஒரே நோய்தான்.

நியூசிலாந்தின் வடக்கே வைப்பு என்கிற சின்ன ஊரிலிருந்து வளர்ந்து வந்த குழு இது. டிரம்ஸ் அடிக்கிற ஹென்றி டி ஜோங்கும், கிதார் வாசித்துப் பாடுகிற லூயிஸ் டி ஜோங்கும் அண்ணன் தம்பி. 2010இல் தொடங்கும்போது ஒருவனுக்கு வயசு 10, மற்றவனுக்கு 8. திராஷ் மெட்டலின் வேகத்தில் மாவோரி மொழியைப் போட்டுக் கத்தினார்கள். 2018இல் வந்த முதல் தொகுப்பின் பெயர் 'தூ'. நம்ம ஊரில் தூ என்றால் காறித் துப்புவது. அவர்கள் மொழியில் எழுந்து நிற்பது, போர்த் தெய்வத்தின் பெயரும்கூட. இரண்டு அர்த்தமும் பொருந்தத்தான் செய்கிறது.

அந்தத் தொகுப்பில் 'ரவுபாத்து' என்றொரு பாட்டு. ரவுபாத்து என்றால் நிலத்தைப் பிடுங்கிக்கொள்வது. 1863இல் ஒரு சட்டம் போட்டான் வெள்ளைக்காரன். எதிர்த்துச் சண்டை போட்டவன் கலகக்காரன், அவன் நிலம் அரசுக்கு என்றான். வைக்காட்டோ பகுதியில் மட்டும் சுமார் 12 லட்சம் ஏக்கர் போனது. சண்டையே போடாதவன் நிலமும் சேர்ந்து போனது. இன்னொரு பாட்டு, 1864 ஏப்ரல் 29இல் சுமார் 1,700 பிரிட்டிஷ் படையினரை 230 பேர் அளவிலான மாவோரிகள் விரட்டியடித்த கேட் பா சண்டையைப் பற்றியது. அந்தச் சகோதரர்களின் மூதாதை ஒருவர் அங்கே நின்றவர். இதுக்கு மெல்லிசை போட்டுத் தாலாட்டணுமா என்ன?

அடுத்து மொழி. 1867ஆம் வருசச் சட்டம் மாவோரிக் குழந்தைகளுக்கு ஆங்கிலத்தில்தான் பாடம் என்றது. பள்ளிக்கூடத்தில் தாய்மொழி பேசினதுக்காக அடி வாங்கினதை எத்தனையோ கிழவன் கிழவிகள் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். அடி வாங்கின தலைமுறை தன் பிள்ளைகளிடம் அந்த மொழியைப் பேசப் பயந்தது. 1972இல் 30,000 பேர் கையெழுத்திட்டு மொழியைக் கேட்டார்கள். 1982இல் 'மொழிக் கூடு' என்ற பெயரில் மழலையர் பள்ளிகளைத் தாங்களே தொடங்கினார்கள். 1987இல்தான் மாவோரி ஆட்சிமொழி ஆனது. ஹென்றியும் லூயிசும் சின்ன வயசில் மாவோரி வழிப் பள்ளியில் படித்தவர்கள். அவர்கள் தொகுப்புகளை வெளியிடுவது நாபாம் ரெக்கார்ட்ஸ் என்கிற ஆஸ்திரியக் கம்பெனி. ஆனால் இந்தக் குரலைப் பெற்றது கம்பெனி இல்லை, அந்தக் கூடுகளைக் கட்டின அம்மாக்களும் பாட்டிகளும்.

மூன்றாவது தொகுப்பு 'தே ரா', சூரியன் என்று பொருள். 2025 மார்ச்சில் வந்தது. அதில் 'மவ் மோக்கோ' என்ற பாட்டு முகத்தில் மோக்கோ தாங்குவதைப் பற்றியது. மோக்கோ அலங்காரப் பச்சை இல்லை. இவன் யார், எந்த வம்சம் என்பதை முகத்திலேயே எழுதி வைக்கிற எழுத்து. 19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ஐரோப்பியர்கள் இந்த முகங்களுக்கு விலை வைத்தார்கள். பதப்படுத்திய தலையைக் கொடு, துப்பாக்கி தருகிறேன் என்றார்கள். 1831இல் சிட்னியில் இருந்த ஆளுநர் இந்த வியாபாரத்தைத் தடை செய்யவேண்டி வந்தது. அதற்குள் தலைகள் கப்பலேறி ஐரோப்பிய அருங்காட்சியகங்களுக்குப் போய்விட்டன. 2012இல் பிரான்ஸ் 20 தலைகளைத் திருப்பிக் கொடுத்தது, அதுவும் 2010இல் தனியாக ஒரு சட்டம் போட்ட பிறகு.

அந்தத் தலையை வாங்கினவன் ரசிகன்தான். கலை தெரிந்தவன்தான். அவன் ரசித்த முகத்தில் வாய் பேசாது என்பதுதான் அவனுக்கு வசதி.

பழங்கதை என்று தள்ளிவிடாதீர்கள். 2023இல் வந்த கூட்டணி அரசு, துறைகளின் பெயர்ப்பலகையில் ஆங்கிலம்தான் முதலில் நிற்கவேண்டும் என்று ஒப்பந்தம் போட்டது. அடுத்த வருசம், 1840 வைத்தாங்கி ஒப்பந்தத்துக்குப் புது விளக்கம் சொல்ல ஒரு மசோதா வந்தது. 2024 நவம்பர் 14இல் அது முதல் வாசிப்புக்கு வந்தபோது ஹானா ராவிட்டி மைப்பி கிளார்க் என்ற 22 வயது உறுப்பினர் மசோதாவின் நகலைக் கிழித்துவிட்டு 'கா மாத்தே' ஹாக்காவைத் தொடங்கினார். நாட்டின் ரக்பி அணி ஒவ்வொரு மைதானத்திலும் ஆடிக் காட்டி உலகமே கைதட்டுகிற அதே ஹாக்கா! சபை நிறுத்தப்பட்டது. சில நாளில் 40,000க்கும் மேற்பட்டோர் நாடாளுமன்றத்துக்கு ஊர்வலம் வந்தார்கள். 2025 ஏப்ரலில் மசோதா 112க்கு 11 என்று தோற்றது. மசோதா தோற்றும் கோபம் தீரவில்லை. ஜூன் மாதம் அந்தப் பெண்ணை 7 நாளும், மாவோரிக் கட்சியின் தலைவர்கள் இருவரை 21 நாளும் சபையைவிட்டு விலக்கினார்கள். அதுவரை மூன்று நாளுக்கு மேல் யாரையும் விலக்கியதில்லை.

மைதானத்தில் ஆடினால் தேசியப் பெருமை. சட்டசபையில் ஆடினால் ஒழுங்கீனம். எது இசை, எது இரைச்சல் என்று காது தீர்மானிப்பதில்லை. இடம் யாருடையது என்பதே தீர்மானிக்கிறது. இந்தப் பக்கங்களை வாசிக்கிறவர்களுக்கு இது புதுசா என்ன?

'தே ரா'வில் ஆங்கிலப் பாட்டுகளும் உண்டு. அமெரிக்க மெட்டல் பாடகர் ராண்டி பிளைத் ஒரு பாட்டில் கூடக் கத்துகிறார். உடனே 'தூய்மை போச்சு' என்று ஒரு கூட்டம் கிளம்பும். அடிச்சு அடிச்சு ஆங்கிலத்தைத் திணிச்சது நீங்க, இப்ப அதுல பாடினா குத்தமா? சுத்தமான ஆதிவாசி வேண்டும் என்று கேட்கிறவனும் பதப்படுத்திய தலை கேட்டவனும் பங்காளிகள்தான்.

அதேசமயம் நம்மவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். கம்பெனிக்காரன் கலகத்தையும் டப்பாவில் அடைத்து விற்பான். ஜெர்மனியின் வாக்கன் விழாவில் தலையை ஆட்டிவிட்டுப் போகிற ஆயிரக்கணக்கானவர்களில் 1863 என்ன வருசம் என்று கேட்டுத் தெரிந்துகொள்கிறவன் எத்தனை பேர்? விற்பனையை விடுதலை என்று நாம் கொண்டாடிவிடக் கூடாது. மேடை கிடைத்ததாலேயே நிலம் திரும்பிவிடவில்லை.

ஆனாலும் அந்தப் பையன்கள் மொழியை அருங்காட்சியகத்திலிருந்து தெருவுக்கு இழுத்துவந்து பெரிய ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார்கள். தோழர்களே, தாளத்துக்குத் தலையாட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பாட்டு முடிந்ததும் ரவுபாத்து என்றால் என்ன என்று பக்கத்தில் இருக்கிறவரிடம் கேளுங்கள். அவருக்கும் தெரியவில்லை என்றால் நீங்கள் சொல்லுங்கள்.