தொண்ணூறுக்குள் ஏன் நூறு?

கணிதத்தை ஆங்கிலத்தில் நடத்தினால் தமிழ்ப்பள்ளிப் பிள்ளை கெட்டிக்காரனாகிவிடும் என்ற நம்பிக்கை நம்மிடம் சாகவே மாட்டேங்குது. 2003இல் கொண்டுவந்தார்கள். 2009இல் கைவிடுவதாக அறிவித்தார்கள். 2016இல் இருமொழிப் பாடத்திட்டம் என்று வேறு பெயரில் திரும்பி வந்தது. ஒவ்வொரு தடவையும் மொழி உரிமைக்காகச் சண்டை போட்டோம். சரிதான். ஆனால் ஏழு வயதுப் பிள்ளை எண்ணை எப்படிப் பிடித்துக்கொள்கிறது என்று எவ்வளவு பேசினோம்?

நான் ஜொகூரிலேயே படித்த பொறியாளன். ஒழுங்கைக் கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. லெவன், டுவெல்வ் என்ற சொற்களில் பத்து எங்கே தெரிகிறது? மனப்பாடம்தான் வழி. பதினொன்று என்றால் பத்தும் ஒன்றும் காதிலேயே விழுகின்றன. சீனத்திலும் 11 என்பது 'பத்து ஒன்று'தான். இந்த வெளிச்சத்தை அணைத்துவிட்டு டியூசனுக்குக் காசு கட்டுகிறோம்.

தமிழில் நடத்தச் சொல்லும் நம் ஆட்களும் ரொம்ப நிமிர வேண்டாம். என் அக்கா மகன் டியூசனில், "எண்பதுக்கு அப்புறம் ஒன்பதுதானே வரணும், தொண்ணூறுக்குள்ள ஏன் நூறு இருக்கு?" என்று கேட்டிருக்கிறான். வகுப்பின் ஆகச் சிறந்த கேள்வி அது. கிடைத்த பதில்: "அது அப்படித்தான், மனப்பாடம் பண்ணு."

தொல்காப்பியமே தனியாக விதி எழுதிச் சமாளித்த இடம் இது. ஒன்பதுக்குத் தொண்டு என்றொரு பழைய பெயர் இருந்தது. அது வழக்கொழிந்ததால் வரிசையே ஒரு படி இடம் மாறிவிட்டது என்பார் பாவாணர். ஒன்று குறைந்த பத்தே ஒன்பது என்பது இன்னொரு விளக்கம். எது சரி என்று பிள்ளைக்குத் தீர்ப்பு சொல்ல வேண்டியதில்லை, கேள்வியைக் கொல்லாமல் இருந்தால் போதும். நெகிரி செம்பிலான் என்று தினம் சொல்கிறோமே, அந்த செம்பிலானும் 'ஒன்று எடுக்கப்பட்டது' என்ற பொருளில் பிறந்ததுதான். பத்திலிருந்து ஒன்று!

அதை அவனுக்குச் சொல்லிவிட்டு ஒன்பதாம் வாய்ப்பாட்டை மேலிருந்து கீழாக எழுதச் சொன்னேன். 9, 18, 27, 36. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். "மாமா, முன்னாடி ஒண்ணு ஏறுது, பின்னாடி ஒண்ணு இறங்குது. ஒவ்வொரு தடவையும் பத்தைப் போட்டுட்டு ஒண்ணை எடுத்துக்குறாங்க."