முதல் வண்டி ஓடிய பிறகு

சென்னைப் புறநகரான ஊரப்பாக்கத்தில் காலை நேரத்து மின்சார ரயிலில் ஏறி, கம்பியைப் பிடிக்க இடம் கிடைத்தவர் அதிர்ஷ்டசாலி. தாம் நிற்கும் தரைக்குக் கீழேயே வண்டியை இழுக்கும் மோட்டார் சுற்றிக்கொண்டிருக்கலாம் என்பது அந்த நெரிசலில் யாருக்கும் நினைவுக்கு வராது. இந்த வண்டிக்குத் தனி எஞ்சின் கிடையாது. இழுக்கும் வேலையைப் பல பெட்டிகள் பங்கிட்டுக்கொள்கின்றன. அதனால்தான் சட்டென்று வேகம் பிடிக்கிறது, கடைசி நிலையத்தில் எஞ்சினைக் கழற்றி மாட்டாமல் அப்படியே திரும்புகிறது.

வந்தே பாரத் ரயிலின் அடிப்படையும் இதேதான். ஏதோ வெளிநாட்டு மந்திரம்போல அதைப் பேசுகிறவர்கள் உண்டு. உண்மையில் அது புறநகர் மின்சார ரயிலுக்குப் பங்காளி. இரண்டையும் கட்டியது பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில்பெட்டி ஆலை.

அந்த ஆலையை 1955 அக்டோபர் 2 அன்று நேரு திறந்துவைத்தார். சுவிஸ் நிறுவனம் ஒன்றின் வடிவமைப்பில் தொடங்கிய நீலப் பெட்டி, சிறு சிறு மாற்றங்களோடு 2018 ஜனவரி வரை அங்கே தயாரானது. அதைவிடப் பாதுகாப்பான ஜெர்மன் வகைப் பெட்டிகள் 2000 வாக்கிலேயே நாட்டுக்குள் வந்துவிட்டன. பழையதும் கூடவே பதினெட்டு ஆண்டுகள் தயாராகிக்கொண்டிருந்தது. பொறியாளர்களுக்குத் திறமை இல்லாமல் இப்படி நேரவில்லை. ஆண்டுக்கு இத்தனை பெட்டி என்று இலக்கு வைத்து அளக்கப்படும் ஆலை, பழகிய அச்சை எளிதில் விடாது. புதியதை முயன்று ஒரு மாதம் வீணானால் கேள்வி வரும். பழையதையே செய்துகொண்டிருந்தால் யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை.

இந்தப் பழக்கத்தை ஒருமுறை உடைத்துக் காட்டினார்கள். 2016இல் ஐ.சி.எஃப். பொது மேலாளராக வந்த சுதான்ஷு மணியின் குழு, மணிக்கு 160 கிலோமீட்டர் ஓடக்கூடிய, எஞ்சின் இல்லாத ரயிலைத் தாமே கட்டுவதாகச் சொல்லி அனுமதி வாங்கியது. திட்டத்துக்கு வைத்த பெயர் ‘டிரெய்ன் 18’. எந்த ஆண்டில் முடிக்க வேண்டும் என்பது பெயரிலேயே இருந்ததால் நழுவ வழியில்லை. தெரிந்த வேலையை ஆலை செய்தது. தெரியாத இடத்தில் வெளி ஆலோசகர்களை அமர்த்திக்கொண்டது. மின் இழுவைக் கருவிகளை ஹைதராபாத்தின் மேதா நிறுவனம் தந்தது. ஏறக்குறைய 18 மாதத்தில், சுமார் 100 கோடி ரூபாயில், 16 பெட்டிகளும் தயார். 2018 அக்டோபரில் வெளியே வந்த வண்டி சோதனை ஓட்டத்தில் 180ஐத் தொட்டது. 2019 பிப்ரவரி 15 அன்று ‘வந்தே பாரத்’ என்ற பெயரில் டெல்லியிலிருந்து வாராணசிக்குக் கொடியசைத்து அனுப்பப்பட்டது. மறுநாள் திரும்பும் வழியில் டூண்ட்லா அருகே நின்றும் போனது. புது வண்டி என்றால் நிற்கத்தான் செய்யும். அதில் கேலி செய்ய ஒன்றுமில்லை.

கேள்வி கேட்க வேண்டியது அதன் பிறகு நடந்ததைத்தான். அதே 2019 அக்டோபரில் இரண்டாவது வண்டி கட்ரா வழியில் ஓடத் தொடங்கியது. மூன்றாவது வந்தது 2022 செப்டம்பர் இறுதியில், காந்திநகர்–மும்பை தடத்தில்! இடையில் 44 வண்டிகளுக்கான டெண்டர் 2020இல் ரத்தாகி மறுபடி விடப்பட்டது. கொரோனாவும் குறுக்கிட்டது, மறுப்பதற்கில்லை. ஆனால் முதல் வண்டியைக் கட்டிய அதிகாரிகள் மீது விஜிலென்ஸ் விசாரணையும் பாய்ந்தது. கடைசியில் அவர்கள் மீது குற்றம் எதுவும் நிற்கவில்லை. அதற்குள் சிலருக்குப் பதவி உயர்வு கைநழுவிவிட்டது என்று மணியே வெளிப்படையாக வருந்தியிருக்கிறார். பொதுப்பணத்துக்குக் கணக்குக் கேட்பது அவசியம். ஆனால் முதல்முறையாகச் செய்யும் ஒரு பொருளுக்கு விலைப்புள்ளி கேட்பதும், நாற்காலி மேசைக்குக் கேட்பதும் ஒரே விதியில் அடங்காது.

புதிய பொருள் செம்மைப்படுவது இரண்டாம், மூன்றாம் வடிவத்தில்தான். முதல் வந்தே பாரத் சுமார் 430 டன். 2022இல் வந்தது 392 டன். அந்த மெலிவுக்கு மூன்றரை ஆண்டு காத்திருக்க நேர்ந்தது.

இப்படிக் காத்திருக்காத தொழிலும் அருகிலேயே உண்டு. ஊரப்பாக்கம் வழியே ஓடும் அதே மின்சார ரயில் தடத்தில், தெற்கே பரனூரில், மகிந்திரா வேர்ல்டு சிட்டிக்குள் அந்த நிறுவனத்தின் வாகன ஆராய்ச்சி மையம் இருக்கிறது. ஒரு கார் சந்தைக்குப் போகும்போதே அதன் அடுத்த வடிவத்துக்கான வேலை நடப்பது கார் தொழிலில் சாதாரணம். இல்லாவிட்டால் போட்டியாளர் விழுங்கிவிடுவார். ரயில்வேக்குப் போட்டியாளர் இல்லை. ஆகவே அந்த நெருக்கடியை விதிகளால் உண்டாக்க வேண்டும். மாதிரி வண்டிக்கென ஆண்டு இலக்கில் சேராத தனி நிதி, முதல் வண்டிக்கு அனுமதி தரும்போதே அடுத்த பத்து வண்டிகளுக்கும் கால அட்டவணை, நல்லெண்ணத்தில் எடுத்த தொழில்நுட்ப முடிவை முதலில் தொழில்நுட்பம் அறிந்தவர்களே ஆராயும் ஏற்பாடு: இம்மூன்றும் வேண்டும்.

தாமதத்தின் விலை புறநகர்ப் பயணிக்கும் தெரியும். ஐ.சி.எஃப். கட்டிய ஏசி புறநகர் ரயில் மும்பையில் ஓடத் தொடங்கியது 2017 டிசம்பர் 25 அன்று. அந்த ஆலை இருக்கும் சென்னையில், கடற்கரை–செங்கல்பட்டு தடத்தில் அது வந்தது 2025 ஏப்ரல் 19 அன்று, அதுவும் ஒரே ஒரு வண்டியாக.