கொரில்லாக்களின் இடமாற்றம்: ஆண்கள் கூடிப்போனால் எங்கே அனுப்புவது?

2021 ஆகஸ்ட் மாதம் ஜெர்மனியிலிருந்து இரண்டு கொரில்லாக்கள் இந்தியாவின் மைசூர் மிருகக்காட்சிச் சாலைக்கு வந்து சேர்ந்தன. தாபோவுக்கு வயது 14, டெம்பாவுக்கு 8. இரண்டுமே ஆண்.

இனப்பெருக்கம்தான் நோக்கம் என்றால் ஒரு ஜோடியை அல்லவா அனுப்பியிருக்க வேண்டும்? ஏன் இரண்டு ஆண்கள்?

பாதிக்குப் பாதி ஆண்

கொரில்லாக் கூட்டத்துக்குத் தலைமை தாங்குவது பொதுவாக ஒரே ஓர் ஆண். முதுகு முடி வெள்ளி நிறமாக மாறியிருப்பதால் அதை 'சில்வர்பேக்' என்பார்கள். அதனுடன் சில பெண்களும் குட்டிகளும் இருக்கும். ஆனால், பிறக்கும் குட்டிகளில் ஏறக்குறைய பாதி ஆண். மூன்று பெண்களுக்கு ஓர் ஆண் போதும் என்றால், மீதி இரண்டு ஆண்கள் எங்கே போவது?

காட்டில் வயது வந்த ஆண் கூட்டத்தை விட்டு விலகித் தனியாகத் திரியும். அடைப்பில் அதற்கு வழி ஏது? அங்கேயே இருந்தால் தலைவனோடு மோதல்தான்.

முடிவெடுப்பது யார்?

ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இதற்கெனத் தனித்தனித் திட்டங்கள் உள்ளன. ஒவ்வொரு கொரில்லாவின் பெற்றோர், பிறந்த இடம், மாறிய இடம் எல்லாம் வம்சாவளிப் பதிவேட்டில் இருக்கும். நெருங்கிய உறவுகள் கலக்காதபடி, எது எங்கே போகலாம் என்று ஒருங்கிணைப்பாளர் பரிந்துரைப்பார். சில பெண்களுக்குக் கருத்தடை மாத்திரையும் உண்டு.

மரபணுக் கணக்கு மட்டும் போதாது. புதிதாக வரும் ஆண், பால்குடிக்கும் குட்டிகளைக் கொன்றுவிடக்கூடும். அதனால் குட்டிகளின் வயதைப் பார்த்துத்தான் புதிய தலைவனைக் கொண்டு வருவார்கள்.

வெளியிலிருந்து பெண்களைக் கொண்டு வரலாமே?

அந்தப் பாடம் மலேசியாவுக்குத் தெரியும். 2002-இல் தைப்பிங் மிருகக்காட்சிச் சாலைக்கு நான்கு இளம் கொரில்லாக்கள் வந்தன. நைஜீரியாவில் மனிதப் பராமரிப்பில் பிறந்தவை என்றன ஆவணங்கள். உண்மையில் அவை கேமரூன் காட்டில் பிடிக்கப்பட்டவை. 2004-இல் தென்னாப்பிரிக்காவுக்கு அனுப்பப்பட்டு, 2007-இல்தான் கேமரூன் திரும்பின.

மேற்குத் தாழ்நிலக் கொரில்லா அழிவின் விளிம்பில் உள்ள இனம். காட்டிலிருந்து எடுப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. இருப்பதை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும்.

என்னதான் வழி?

இளம் ஆண்களை ஒன்றாக வளர்க்கும் 'ஆண்கள் மட்டும்' கூட்டம் ஒரு வழி. பெண்கள் கண்ணில் படாதவரை இது பெரும்பாலும் கைகொடுக்கும். வயது ஏற ஏறச் சண்டை வந்து பிரிக்க வேண்டியும் வரலாம். சிறு வயதிலேயே விதைநீக்கம் செய்து பிறந்த கூட்டத்திலேயே வைத்திருக்கும் முயற்சிகளும் நடந்துள்ளன. கருணைக்கொலை பற்றிக்கூட ஐரோப்பாவில் விவாதம் எழுந்தது.

கேட்கவே சங்கடமாக இருக்கிறது, இல்லையா? ஆனால் ஒரு குட்டி பிறந்தால் அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு இடம் வேண்டும். குட்டியின் படத்தைப் பார்த்து நாம் மகிழும்போதே, அது ஆணாக இருந்தால் 10 ஆண்டுகளில் எங்கே போகும் என்று ஒருவர் யோசித்தாக வேண்டும்.

மைசூரில் தாபோவும் டெம்பாவும் குட்டிகளுக்குத் தந்தையாகாமல் போகலாம். ஆனால், அவை விட்டுவந்த இடத்தில் வேறொரு குட்டி வளர முடியும். இரண்டு ஆண்களை அனுப்பியதன் கணக்கு அதுதான்.