கருவிக்குக் கொடி பிடிப்பதா?

சண்டை! விக்கிரமங்கலத்துப் படிப்பகத்திலே சண்டை!

வரப்புத் தகராறா? இல்லை. வாய்க்கால் தகராறா? அதுவும் இல்லை. மடிக்கணினிக்காகச் சண்டை! "விண்டோஸ்தான் கணினி, மற்றதெல்லாம் பொம்மை" என்கிறார் ஒரு தம்பி. "காசு பிடுங்கும் கம்பெனிக்குக் காவடி எடுக்காதே, லினக்ஸுக்கு ஈடு ஏது?" என்று எகிறுகிறார் இன்னொரு தம்பி. பெங்களூரிலே வேலை பார்த்து, விடுமுறைக்கு வந்திருக்கும் மூன்றாமவரோ, பளபளக்கும் ஆப்பிள் கணினியை மடியிலே வைத்துக்கொண்டு இருவரையும் பார்த்து இளநகை புரிகிறார், ஏழை வீட்டுத் திருமணத்திலே பட்டுச் சட்டைக்காரர் சிரிப்பாரே, அதுபோல!

கூட்டத்திலே பேசச் சென்ற நாம், தேநீர்க் கோப்பையும் கையுமாக இந்தக் காட்சியைக் கண்டோம். இளைஞர்கள் அறிவுக் கருவியைப் பற்றி வாதாடுகிறார்களே என்று மகிழ்ந்தோம். ஆனால், வாதம் வளர வளர மகிழ்ச்சி தேய்ந்தது. நடிகருக்கு மன்றம் வைத்தவர்கள் பேசுவதுபோல அல்லவா இருந்தது அவர்கள் பேச்சு!

அப்போது உள்ளே வந்தார் ஒரு பெரியவர். சுண்ணாம்புக்கல் லாரியிலே பாரம் ஏற்றி உரமேறிய கை. அந்தக் கையிலே சின்னஞ்சிறு பென்டிரைவ்.

"தம்பிங்களா, எங்க அண்ணன் இந்த ஊர்க் கழகத்தோட கதையை எழுதி வச்சிருந்தாரு. யார் யாரு சிறைக்குப் போனாங்க, இந்தப் படிப்பகத்துக்கு யாரு கல்லு சுமந்தாங்க, எல்லாம் இதுல இருக்கு. இருபது வருசத்துக்கு முன்னால வெளியூர் அச்சகத்துல அடிச்சது. அவரும் போயிட்டாரு. எழுதின நோட்டும் கரையானுக்குப் போயிடுச்சு. திறந்து காட்டுங்களேன்."

விண்டோஸ் தம்பி திறந்தார். தமிழ் இல்லை! ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் அலங்கோலமாக ஓடின. லினக்ஸ் தம்பி திறந்தார். அதே அலங்கோலம்! ஆப்பிளும் அதையே காட்டியது, கொஞ்சம் அழகாக! பெரியவர் மூன்று திரைகளையும் மாறி மாறிப் பார்த்தார். "அழிஞ்சு போச்சாப்பா?" என்றார். மூவரும் வாயடைத்து நின்றனர்.

தோழர்களே! அந்த ஒரு கேள்வியின் முன்னே, அதுவரை நடந்த வாய்ச்சண்டை என்ன விலை பெறும்?

இந்தக் கணினிச் சண்டை இறக்குமதிச் சரக்கு. அதன் கதை கேளுங்கள். 1984-ல் ஆப்பிள் நிறுவனம் மெக்கின்டாஷ் கணினியை வெளியிட்டது. 1985-ல் மைக்ரோசாப்ட் விண்டோஸைக் கொண்டுவந்தது. "என் திரையின் சாயலைத் திருடிவிட்டான்!" என்று 1988-ல் ஆப்பிள் வழக்குத் தொடுத்தது. ஆண்டுக்கணக்கில் நடந்த வழக்கிலே ஆப்பிள் தோற்றது. படங்களைச் சுட்டி இயக்கும் முறையையோ, இருவருக்கும் முன்பே செராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்திலே உருவாக்கி வைத்திருந்தார்கள்!

தலைவர்கள் வழக்காட, தொண்டர்கள் சும்மா இருப்பார்களா? இது அறிவாளியின் கணினி, அது அலுவலகக் குமாஸ்தாவின் கணினி என்று ஏசிக்கொண்டார்கள், எழுதிக்கொண்டார்கள், நட்பையும் முறித்துக்கொண்டார்கள்.

வந்தது 1997, ஆகஸ்ட் 6. அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலே ஆப்பிள் அன்பர்களின் பெருங்கூட்டம். மேடையிலே ஸ்டீவ் ஜாப்ஸ். பின்னால் இருந்த மாபெரும் திரையிலே தோன்றினார், யார்? பரம வைரி என்று கருதப்பட்ட மைக்ரோசாப்டின் பில் கேட்ஸ்! நொடித்துக் கிடந்த ஆப்பிளிலே மைக்ரோசாப்ட் 15 கோடி டாலர் முதலீடு செய்கிறது என்பது அறிவிப்பு. அரங்கத்திலே கூச்சல் எழுந்தது. பாவம், அன்பர்கள்! அவர்கள் பகையை வளர்த்துக்கொண்டிருந்தார்கள். முதலாளிகளோ கணக்கை நேர்செய்துகொண்டார்கள்.

லினக்ஸ் கதையும் கேட்கத்தக்கது. 1991-ல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டார்வால்ட்ஸ் தொடங்கி, உலகெங்கும் பலர் கூடி வளர்த்த பொதுச்சொத்து அது. 2001-ல் அதனைப் புற்றுநோய் என்று பழித்தார் மைக்ரோசாப்டின் தலைமைப் பொறுப்பிலிருந்த ஸ்டீவ் பால்மர். 2016-ல் அதே மைக்ரோசாப்ட் லினக்ஸ் அறக்கட்டளையிலே உறுப்பினராகச் சேர்ந்தது! நேற்றைய நோய் இன்றைய கூட்டாளி! ஆனால், விக்கிரமங்கலத்துத் தம்பிகள் மட்டும் இன்னும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

சரி, அந்தக் கணினி உங்களிடம் விசுவாசம் காட்டுகிறதா? விண்டோஸ் 10-க்கு அளித்துவந்த வழக்கமான ஆதரவை 2025, அக்டோபர் 14-ல் மைக்ரோசாப்ட் முடித்துக்கொண்டது. நிபந்தனையோடு சிறிதுகாலம் நீட்டிப்பு என்றது. அடுத்து வந்த விண்டோஸ் 11, பழைய கணினிகள் பலவற்றை ஏற்பதில்லை. அரசு பள்ளிப் பிள்ளைகளுக்கு 2011 முதல் மடிக்கணினி வழங்கப்பட்டது. வழங்கியது எந்த ஆட்சி என்பதல்ல இங்கே பேச்சு. கூலிக்காரன் வீட்டிலே கணினி நுழைந்ததே, அதுதான் பேச்சு. அத்தகைய பழைய கணினி, விசை உடையாமல், திரை கெடாமல் இருக்கும்போதே, 'நீ செல்லாக்காசு' என்று ஒதுக்கப்பட்டால், அந்த ஏழை எங்கே போவான்? அங்கே கைகொடுக்கக்கூடியது லினக்ஸ். சென்னை சி-டாக் மையம் உருவாக்கிய 'பாஸ்' என்பதும் அந்த இனந்தான்.

"ஆக, லினக்ஸ் கட்சி வென்றது!" என்று துள்ளவேண்டாம், தம்பி! அச்சகத்திலே பக்கம் கட்டுகிற தோழருக்கும், கடையிலே கணக்கெழுதுகிற தோழருக்கும், பழகிய மென்பொருள் விண்டோஸிலே இருக்கிறது. அதை விட்டுவிட்டு வா என்றால் அவர் வயிற்றுக்கு என்ன செய்வார்? தச்சனுக்கு உளி, கொத்தனுக்குக் கரண்டி. இதிலே உயர்வென்ன, தாழ்வென்ன? வேலை நடக்கிறதா என்பதல்லவா கேள்வி!

இனி, பெரியவரின் பென்டிரைவுக்கு வருவோம். மூன்று கணினியும் ஏன் விழித்தன?

கணினிக்கு எழுத்துத் தெரியாது. எண் மட்டுமே தெரியும். ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் கொடுத்தால்தான் அது காட்டும். நம்மவர்கள் என்ன செய்தார்கள்? ஒரு நிறுவனம் 'அ'வுக்கு ஓர் எண் கொடுத்தது. இன்னொரு நிறுவனம் வேறோர் எண் கொடுத்தது. ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழ் வடிவங்களைக் குடியேற்றியவர்களும் உண்டு. இவர் எழுதியதை அவர் படிக்க இயலாது. எந்த எழுத்துரு உயர்ந்தது, எந்த விசைப்பலகை சிறந்தது என்று ஆளுக்கொரு கட்சி! ஒரே மொழி, ஆனால், ஊருக்கொரு பூட்டு, தெருவுக்கொரு சாவி!

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க, கலைஞர் ஆட்சியிலே 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழிணையம் 99 மாநாடு கூடியது. தமிழ்நாட்டாரும் அயல்நாட்டுத் தமிழ் வல்லுநரும் ஒன்றாக அமர்ந்தனர். தமிழ்99 விசைப்பலகை பிறந்தது. பின்னர் 2010 ஜூனில், கோவையிலே செம்மொழி மாநாடு நடந்த வேளையில், யூனிகோடு என்னும் ஒருங்குறி முறையைத் தமிழ்நாடு அரசு ஏற்றது. அம்முறையிலே 'அ'வுக்கு எண் 2949, 'க'வுக்கு 2965. விண்டோஸிலும் அதே எண். லினக்ஸிலும் அதே எண். ஆப்பிளிலும் அதே எண்! கணினி மாறலாம், கம்பெனி மாறலாம், எழுத்து மாறாது. நம் தம்பிகள் கொண்டாட வேண்டிய வெற்றி எது? இதுவல்லவா!

படிப்பகத்திலே பிறகு நடந்ததைச் சொல்லிவிடுகிறோம். விண்டோஸ் தம்பியின் அக்காள் முன்பு தட்டச்சு நிலையத்திலே வேலை பார்த்தவர். அந்தப் பழைய எழுத்துரு எது என்று தொலைபேசியிலேயே அடையாளம் சொன்னார். அதனை ஒருங்குறிக்கு மாற்றும் நிரலை லினக்ஸ் தம்பி தேடி எடுத்தார். பிழைகளைத் திருத்த ஆப்பிள்காரர் உட்கார்ந்தார். சிறிது நேரத்தில் திரையிலே தமிழ் மலர்ந்தது! பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எழுத்துக் கூட்டி, தம் தமையனின் பெயரைப் படித்தார். அங்கே எவரும் எந்தக் கணினி பெரிதென்று கேட்கவில்லை.

தோழர்களே! இதுபோன்ற பென்டிரைவுகள் எத்தனை ஊர்களில் தூங்குகின்றனவோ! சங்கத் தீர்மானங்கள், ஊர் வரலாறுகள், மறைந்தோர் எழுதிய மடல்கள்! அவற்றைத் தேடி எடுங்கள், ஒருங்குறிக்கு மாற்றுங்கள், எந்தக் கணினியிலும் திறக்கும் வகையிலே சேமித்து வையுங்கள். அரசு அலுவலகம் படிவம் தந்தால், அது எங்கும் திறக்கிறதா என்று பாருங்கள். திறக்காவிட்டால் கேளுங்கள், உரக்கக் கேளுங்கள்!

விருப்பமான கணினியை வாங்குங்கள், தடையில்லை. பிடித்ததைப் பாராட்டுங்கள், தவறில்லை. ஆனால், கம்பெனிக்காகக் கழுத்தைப் பிடிக்காதீர்கள். கருவி நமக்கு ஊழியம் செய்யட்டும். நாம் கருவிக்கு ஊழியம் செய்யவேண்டாம்!