நன்றி கூறுவதா, நன்றி அறிவதா?

தைப்பொங்கல் நெருங்கினால் அரசு அலுவலக முற்றங்களிலும் பானை ஏறுகின்றது. கோலம் இடுகின்றனர், கரும்பு கட்டுகின்றனர், தலைமை அலுவலர் வருகின்றார், அவர்க்குப் பொன்னாடை போர்த்துகின்றனர். அவரும் ஒலிவாங்கிமுன் நின்று உழவர்க்கும் நெசவர்க்கும் கைவினைஞர்க்கும் சிறு வணிகர்க்கும் நன்றி கூறுகின்றார். கையொலி எழுகின்றது, விழா முடிகின்றது.

அந்தப் பானை எந்தக் குயவரிடம் வாங்கியது? அந்தப் பொன்னாடை எந்தத் தறியில் நெய்தது? விழாவிற்கு வந்தவர்க்கு வழங்கிய சிற்றுண்டி எந்த ஊர்க் கடையில் ஆக்கியது? இவ் வினாக்களை எவரும் எழுப்புவதில்லை. எழுப்பினால் அங்குக் கூறப்பெற்ற நன்றியின் எடை எவ்வளவு என்பது தெரிந்துவிடும்.

நன்றி என்னும் சொல் 'நல்' என்னும் வேரினின்று கிளைத்தது. நலம், நன்று, நன்மை, நன்றி யாவும் ஒரு குடும்பத்துச் சொற்கள். பழந்தமிழில் நன்றி என்றது வாயால் உரைக்கும் உரையை அன்று. ஒருவர் செய்த நன்மையை. திருக்குறளின் பதினோராம் அதிகாரத்திற்குச் 'செய்ந்நன்றி அறிதல்' என்பது பெயர். 'நன்றி கூறல்' என்பதன்று. அப் பத்துக் குறளிலும் நன்றி சொல்லும் முறைக்கு ஒரு விதியேனும் இல்லை. செய்த உதவியின் அளவு என்ன, அது செய்யப்பெற்ற காலம் என்ன, செய்தவர் பயன் கருதினாரா, அதனை மறந்தவன் நிலை என்ன என்பனவே அங்குப் பேசப்படுகின்றன. நன்றி கூறுதற்கு நாவொன்று போதும். நன்றி அறிதற்கோ கண் வேண்டும், கணக்கு வேண்டும், நினைவு வேண்டும். இவ் விரண்டிற்கும் உள்ள இடைவெளியிலேதான் சிறு தொழிலாளர் வாழ்க்கை சிக்கிக் கிடக்கின்றது.

நன்றிக்கென்றே ஒரு நாளை வகுத்துக்கொண்ட நாடு அமெரிக்கா. குடியரசுத் தலைவர் ஆபிரகாம் இலிங்கன் 1863-இல் அதனை நாடு முழுமைக்கும் அறிவித்தார். நவம்பர்த் திங்களின் நான்காம் வியாழக்கிழமையே அந்நாள் என 1941-இல் சட்டம் வரையறுத்தது. விளைச்சலுக்கும் வாழ்வுக்கும் நன்றி செலுத்த எழுந்த விழா அது. ஆயினும் அதன் மறுநாளாகிய வெள்ளிக்கிழமை, நாளடைவில் பெருங்கடைகளின் கொள்ளை நாளாய் மாறியது. அதற்கு மறுநாளாகிய காரி(சனி)க்கிழமையைச் சிறு கடைகட்கு ஒதுக்கும் முயற்சி 2010-இல் தொடங்கியது. இன்று அந்நாட்டு நகரத் தலைவர்கள் பலர் அறிக்கை விடுத்து, ஊர்க் கடைகளிலேயே வாங்குமாறு மக்களை வேண்டுகின்றனர். நல்ல வேண்டுகோளே. ஆனால் அந் நாளைத் தொடங்கி வைத்தது அமெரிக்கன் எக்சுபிரசு என்னும் கடனட்டைப் பெருநிறுவனம்! சிறியவர்க்கு நன்றி கூறும் நாளையும் பெரியவரே வகுத்துத் தரவேண்டிய நிலை. ஆண்டில் ஒரு நாள் அறிக்கை. எஞ்சிய நாளெல்லாம் பெருங்கடை. நன்றி உரையாகவே நின்றுவிட்டால் அது சென்று சேரும் இடம் இதுதான்.

தமிழர் மரபு அவ்வாறு நிற்கவில்லை. மாட்டுப் பொங்கலன்று மாட்டின்முன் நின்று எவரும் நன்றியுரை ஆற்றுவதில்லை. அதனைக் குளிப்பாட்டுகின்றனர், கொம்பு சீவி வண்ணம் தீட்டுகின்றனர், கழுத்திற்குப் புதுக் கயிறு மாற்றுகின்றனர், பொங்கிய சோற்றை அதன் வாயில் ஊட்டுகின்றனர். நன்றி அங்கே செயலாகவும் உணவாகவும் இருக்கின்றது. வாயில்லா உயிர்க்குச் செய்யத் தெரிந்ததை வாயுள்ள மாந்தர்க்குச் செய்ய ஏன் தெரியவில்லை?

இவ் வினாவை வேறெந்த ஊரினும் மிகுதியாகக் கேட்கவேண்டிய ஊர் திருத்தணிகை. ஏனெனில், அவ்வூரின் அலுவலர் அமர்ந்திருக்கும் நாற்காலியே எளிய மக்கள் செய்த நன்றியால் வந்தது. 1953 அத்தோபர் 1-ஆம் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தபோது, சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணியும் அங்குச் சேர்க்கப்பட்டது. வடவெல்லை காக்க ம.பொ. சிவஞானனார் தமிழரசுக் கழகத்தை முன்னிறுத்திப் போராடினார். மங்கலங்கிழார் என்னும் தமிழாசிரியர் ஊர் ஊராய்ச் சென்று தமிழ் கற்பித்து, எல்லைப்புற மக்கட்குத் தாம் யார் என்னும் அறிவை ஊட்டினார். தம் உழைப்பின் பயனைக் காணாமலே 1953-இல் மறைந்தார். வழக்கறிஞர் கே. விநாயகம் முதலியோர் சிறை புகுந்தனர். படாசுகர் பரிந்துரையின் வழி 1959-இல் எல்லை மாற்றச் சட்டம் நிறைவேறி, 1960 ஏப்பிரல் 1-ஆம் நாள் திருத்தணி மீண்டது.

தலைவர்கள் பெயரை வரலாறு வைத்திருக்கின்றது. அவர்கள் அழைத்தபோது வந்து நின்றவர்களின் பெயரை அது வைத்திருக்கவில்லை. அழைப்புக்குச் செவிசாய்க்க ஊர்மக்கள் இல்லையாயின் எந்தப் போராட்டமும் ஒரு நாளும் நடந்திராது. நாட்கூலியை நம்பி வாழ்பவன் ஒரு நாள் தொழிலை விட்டு வந்தால் அன்று அவன் வீட்டில் அடுப்பு எரியாது. அத்தகையோரின் வழித்தோன்றல்களே இன்றும் மலையடியில் பூ விற்கின்றனர், தறியில் இருக்கின்றனர், தள்ளுவண்டி உருட்டுகின்றனர். திருத்தணியில் இன்று தமிழில் கையெழுத்திடும் ஒவ்வோர் அலுவலரும் அவர்கட்குக் கடன்பட்டவரே.

அவ்வூர் மலைக்கே நன்றியைத் திசைதிருப்பிய வரலாறு ஒன்று உண்டு. திருத்தணி மலைக்குப் படிகள் 365. திசம்பர் 31-ஆம் நாள் இரவு படிதோறும் விளக்கேற்றித் திருப்புகழ் பாடி ஏறும் படிவிழாவை வள்ளிமலை அடிகள் வெள்ளையர் ஆட்சிக் காலத்தில் தொடங்கினார். ஆங்கிலப் புத்தாண்டன்று வெள்ளை அலுவலர் வீடு தேடிக் கனியும் மாலையும் கொண்டுபோய்க் கும்பிடும் வழக்கம் அக்காலத்தில் இருந்தது. அவ் அடிமை வழக்கத்தை மாற்றி, மக்களை மலைமேல் இருக்கும் முருகனை நோக்கித் திருப்பவே அடிகள் இவ்விழாவை எடுத்தார் என்பர். வெள்ளையர் போய்விட்டனர். ஆனால் அலுவலரை நோக்கி மாலை செல்லும் வழக்கம் மட்டும் போகவில்லை. குடியாட்சியில் நன்றி மேலிருந்து கீழ்நோக்கிப் பாயவேண்டும். மாலை பெறுபவராய் அலுவலர் இருத்தல் ஆகாது. மாலை தொடுப்பவர்க்கு என்ன செய்தோம் என்று கணக்குக் காட்டுபவராய் இருத்தல் வேண்டும்.

திருத்தணியில் மாலை தொடுப்பவரின் கணக்கைச் சற்றுப் பார்த்தல் நன்று. ஆடிக் கிருத்திகை வருகின்றது. எல்லையின் இரு பக்கத்தினின்றும் இலக்கக்கணக்கான அடியார் மலர்க்காவடி சுமந்து வருகின்றனர். அப் பூவைத் தொடுப்பவர், காவடி கட்டுபவர், தேங்காயும் கற்பூரமும் விற்பவர், பொரியும் கடலையும் அளப்பவர், நடந்து களைத்தவர்க்கு மோரும் தேநீரும் தருபவர் ஆகிய இத்தனை பேரும் இல்லையாயின் விழா ஏது? அவர்கள் கடன் வாங்கிச் சரக்குப் பிடிக்கின்றனர். விழா நாட்களின் விற்பனையை நம்பி ஆண்டின் பிற நாட்களை ஓட்டுகின்றனர். ஆனால் விழா வரும்போது அவர்கட்கு முதலில் வரும் செய்தி, 'இடத்தைக் காலி செய்' என்பதாகவே இருப்பின், அது செய்ந்நன்றி அறிதல் ஆகுமா?

அவர்கட்கெனச் சட்டமே உள்ளது. 2014-ஆம் ஆண்டின் தெருவோர வணிகர் சட்டம், ஐந்தாண்டிற்கு ஒருமுறையேனும் தெருவோர வணிகரைக் கணக்கெடுக்கச் சொல்கின்றது. கணக்கெடுத்துச் சான்றிதழ் வழங்கும் வரை எவரையும் அகற்றலாகாது என்கின்றது. அகற்றவேண்டி நேரினும் 30 நாள் முன்னறிவிப்புக் கொடுக்கச் சொல்கின்றது. நகர விற்பனைக் குழுவில் பத்தில் நான்கு பங்கினர்க்குக் குறையாமல் தெருவோர வணிகரே இருத்தல் வேண்டும். அவருள் மூன்றில் ஒரு பங்கினர் பெண்டிராதல் வேண்டும். 50 ஆண்டுகட்கு மேலாக இயல்பாய் நடந்துவரும் தெருச் சந்தையை மரபுச் சந்தையெனக் காக்கவும் அச்சட்டம் வழி செய்கின்றது. மலையடிக் கடைத்தெரு போன்றவற்றிற்கு இதனினும் பொருந்தும் பாதுகாப்பு வேறு யாது? இதனைச் செவ்வனே நடைமுறைப்படுத்தும் ஓர் அலுவலர், மேடையில் ஒரு சொல்லும் பேசாமலே நன்றி அறிந்தவர் ஆவார். சான்றிதழும் பற்றுச்சீட்டும் அறிவிப்பும் அவ் வணிகர் தாமே படித்தறியும் தெளிந்த தமிழில் இருப்பதும் அந் நன்றியின் ஒரு கூறே. புரியாத மொழியில் தரப்படும் உரிமை, பூட்டிய பெட்டியில் கிடக்கும் பொருள் போன்றது.

இனித் தறிக்கு வருவோம். திருத்தணியை அடுத்த அம்மையார்குப்பமும் பொதட்டூர்ப்பேட்டையும் நெசவால் பெயர்பெற்ற ஊர்கள். கைத்தறி ஒலித்த வீடுகள் பலவற்றில் இன்று விசைத்தறி ஓடுகின்றது. நூல் விலை ஏறும்போதும் சரக்குத் தேங்கும்போதும் முதலில் அடிபடுவது அவ் வீடுகளே. அத்தகைய ஊர்களின் நடுவே இருந்துகொண்டு, எங்கோ ஓர் ஆலையில் செயற்கை இழையால் செய்த, துடைக்கவும் ஆகாத, உடுக்கவும் ஆகாத மினுமினுப்புத் துணியைப் பொன்னாடை என்று போர்த்துவது எத்துணைப் பேதைமை! அதற்கு மாற்றாக ஊர்த் தறியில் நெய்த பருத்தித் துண்டொன்றைப் போர்த்தினால் போர்த்தியவர்க்கும் பெருமை, பெற்றவர்க்கும் பயன், நெய்தவர்க்கும் கூலி.

அரசு நினைத்தால் இது பேரளவில் நடக்கும் என்பதற்குச் சான்றும் உண்டு. ஏழையர்க்குப் பொங்கலுக்கு வேட்டி சேலை வழங்கும் திட்டம் 1983-இல், ம.கோ. இராமச்சந்திரனார் ஆட்சியில் தொடங்கியது. ஏழைக்கு ஆடை, தறிகாரர்க்கு வேலை என இரு பயன் கருதி எழுந்தது அது. நன்றி எவ்வாறு செயலாகும் என்பதற்கு அது நல்ல எடுத்துக்காட்டு. மறுபுறத்தையும் காண்க. 2023-ஆம் ஆண்டுப் பொங்கல் தொகுப்பு முதலில் அறிவிக்கப்பட்டபோது அதில் கரும்பு இல்லை. பொங்கலை நம்பிக் கரும்பு பயிரிட்டிருந்த உழவர் வயலில் நின்று கலங்கினர்; குரல் எழுப்பினர். அதன் பின்னரே முழுக் கரும்பு சேர்க்கப்பட்டது. அறிவிப்பில் ஒரு சொல் விடுபட்டால் எத்தனை வீட்டில் பொங்கல் பொங்காது என்பதை அரசும் அன்று உணர்ந்திருக்கும். மண்பானையையும் அத்தொகுப்பில் சேர்க்குமாறு குயவர் பல்லாண்டாகக் கேட்டு வருகின்றனர். அக்குரலுக்கும் விடை வேண்டும்.

'ஊரில் வாங்கினால் விலை கூடும்; குறைந்த விலைக்குத் தருபவரிடமே வாங்கவேண்டும் என்பது விதி' என்று அலுவலர் கூறக்கூடும். மக்கள் பணத்தைக் காப்பது அவர்தம் கடமையே, மறுப்பார் இலர். ஆனால் விலை என்பது சீட்டில் எழுதிய தொகை மட்டுமன்று. ஊர்த் தறிகாரரிடம் கொடுத்த பணம் ஊர் அரிசிக் கடைக்குப் போகின்றது, அங்கிருந்து தையற்காரரிடம் போகின்றது, பள்ளிப் பிள்ளையின் சுவடியாகின்றது, வரியாகவும் திரும்புகின்றது. வெளியூர்ப் பெருநிறுவனத்திற்குக் கொடுத்த பணம் பெரும்பாலும் திரும்பி வருவதில்லை. நடுவண் அரசின் துறைகளே தம் கொள்முதலில் நான்கில் ஒரு பங்கைக் குறு, சிறு நிறுவனங்களிடம் பெறவேண்டும் என்று 2018 முதல் விதி உள்ளது. ஆகவே வழி இல்லை என்பது சொல்லத் தக்கதன்று. மனம் இல்லை என்பதே உண்மை.

சட்டம் தானே திறந்துவிட்ட கதவுகளும் உள. ஒருமுறை பயன்படுத்தி எறியும் ஞெகிழிப் பொருள்களுள் 14 வகைக்குத் தமிழ்நாட்டில் 2019 சனவரி 1 முதல் தடை. அத் தடை உண்மையாகவே நிலவுமாயின் வாழையிலைக்கும் மந்தாரைத் தையலிலைக்கும் ஓலைப் பெட்டிக்கும் துணிப்பைக்கும் வேண்டுநர் பெருகுவர். கோயிலூரில் இவற்றின் தேவை நாள்தோறும் உண்டு. தண்டத்தொகை பெறுவதோடு நில்லாமல், மாற்றுப் பொருளைச் செய்பவர்க்கு மலையடியில் ஓரிடம் கொடுத்தால், சட்டமும் நிலைக்கும், தொழிலும் பிழைக்கும்.

அலுவலரை மட்டும் குறைகூறி அமைதல் முறையன்று. ஊர்க் கடையில் பத்து உருவா கூடுதல் என்று பேரம் பேசிவிட்டுப் பெருங்கடையில் ஒட்டிய விலையை வாய்மூடிக் கொடுப்பவர் எவர்? பூக்காரியிடம் ஒரு முழத்திற்கு வழக்காடிவிட்டுக் கைப்பேசியில் அழுத்தி வெளிநாட்டு நிறுவனத்திற்குப் பணம் அனுப்புபவர் எவர்? தமிழ் வாழ்க என்று முழங்கும் வாயும் தமிழ்நாட்டுத் தறியில் நெய்ததை உடுக்காவிடின் அம்முழக்கத்தில் பொருள் ஏது? மொழி காற்றில் வாழ்வதன்று. அது கடைத்தெருவில் வாழ்வது. பானை, உறி, முறம், துண்டு, தொடை என்று பொருளைச் சொல்லி விற்பவர் நாவில் வாழ்வது. அவர் கடையை மூடினால் அப்பொருளும் போகும். பொருளோடு அதன் பெயரும் போகும்.

அடுத்த தையில் திருத்தணியின் அலுவலக முற்றத்தில் ஏறும் பானை மண்பானையாக இருக்கட்டும். அதனை வனைந்தவர் மேடையில் அமரட்டும். அலுவலர் கீழே நிற்கட்டும். ஓராண்டில் எத்தனைத் தெருவோர வணிகர்க்குச் சான்றிதழ் வழங்கினோம், ஊர்த் தறியில் எத்துணைத் துணி வாங்கினோம் என்னும் கணக்கை அவர் படிக்கட்டும். அக் கணக்கே நன்றியுரை. அதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டா. நாவின் நன்றி இதுவரை கூறியது போதும். இனிக் கையின் நன்றி தொடங்கட்டும்!